நீதிமொழிகளோடு ஒரு மாதம்: அன்றாட வாழ்க்கைக்கான முழுமையான வழிகாட்டி

பைபிளில் உள்ள நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். பெரிய மாதத்துக்கு 31 நாட்கள். "தேதி எதுவோ அந்த அதிகாரத்தை வாசி" என்ற யோசனையைப் பிரசங்கத்திலோ வாலிபர் கூட்டத்திலோ நீங்களும் கேட்டிருப்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதன்படி ஆரம்பிக்கிறவர்களில் பலர் 10ஆம் தேதி வாக்கில் திணறுவார்கள். முதல் ஒன்பது நாட்கள் ஒரு அப்பா மகனை உட்கார வைத்துப் பேசுவதுபோல ஓட்டமாகப் போகும். பத்தாவது அதிகாரம் வந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடும். ஒரு வசனம் சோம்பேறியைப் பற்றி, அடுத்தது நீதிமானின் வாயைப் பற்றி, அதற்கடுத்தது ஆஸ்தியைப் பற்றி, அப்புறம் மறுபடியும் சோம்பேறி. கண் வரிகளின் மேல் போய்க்கொண்டிருக்கும், மனம் அடுப்பில் வைத்த பாலுக்குப் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. வருடக் கடைசி இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். "உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள், அப்பொழுது அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்" (3:6, அதாவது 3ஆம் அதிகாரம் 6ஆம் வசனம்) வருகிறது. சந்தோஷமாகக் கொண்டுபோய் பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறோம். அந்த வசனம் ஆறுதலானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீதிமொழிகளில் இருப்பதில் பெரும்பகுதியை அட்டையில் அச்சடிக்க முடியாது. "உன் அயலான் சலித்து உன்னை வெறுக்காதபடிக்கு, அடிக்கடி அவன் வீட்டில் கால்வைக்காதே" (25:17) என்பதை யார் புது வருட வாக்குத்தத்தமாக எடுப்பார்கள்?

என் எண்ணம் இதுதான்: இந்தப் புத்தகம் நமக்குத் தருவது பெரும்பாலும் பயிற்சி. எந்தச் சமயத்தில் எந்த வார்த்தை பொருந்தும் என்று பகுத்துப் பார்க்கப் பழக்குகிறது. அந்தப் பயிற்சியை வீட்டுப் பிரச்சினை, பணப் பிரச்சினை, வாட்ஸ்அப் குரூப் சண்டை வரைக்கும் கொண்டுபோவது எப்படி என்று கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒரு பைபிள், ஒரு நோட்டு, நாளுக்கு ஒரு பதினைந்து நிமிடம் இருந்தால் போதும்.

முதல் படி: புத்தகத்தின் வரைபடத்தை மனதில் வாங்குங்கள்

முழுப் புத்தகத்தையும் இஸ்ரவேலின் ராஜாவாகிய சாலொமோனே உட்கார்ந்து எழுதினார் என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் பாதி விஷயம் கை நழுவிவிடும். புத்தகமே தன்னைப் பற்றி வேறு மாதிரி சொல்கிறது.

1 முதல் 9 வரை நீளமான உரைகள். தகப்பன் மகனிடம் பேசுகிறார். நடுவில் ஞானம் ஒரு பெண்ணாக வந்து தெருவிலும் பட்டணத்து வாசல்களிலும் நின்று கூப்பிடுகிறாள். 10 முதல் 22:16 வரை "சாலொமோனின் நீதிமொழிகள்" என்ற தலைப்பில் ஒற்றை ஒற்றை வாக்கியங்கள். 22:17 முதல் 24 முடிய ஞானிகளின் வார்த்தைகள். 25 முதல் 29 வரை, யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் மனுஷர் பெயர்த்து எழுதினவை. அதாவது சாலொமோனுக்கு 200 வருடங்களுக்கும் பிறகு ஒரு குழு உட்கார்ந்து பழைய ஓலைகளைத் தேடித் தொகுத்திருக்கிறது. 30ஆம் அதிகாரம் ஆகூர் என்பவருடையது. 31 லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்தது.

சாலொமோன் மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்னான் என்று 1 இராஜாக்கள் 4:32 சொல்கிறது. நம் கையில் இருக்கிற இந்தப் புத்தகத்தில் மொத்தமே 915 வசனங்கள்தான். ஆகவே இது பல தலைமுறைகள் சலித்து எடுத்து வைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 22:17லிருந்து வரும் பகுதிக்கும், அமெனெமோப்பே என்ற எகிப்திய ஞானியின் 30 பகுதிகள் கொண்ட போதனைக்கும் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. அந்த பாப்பிரஸ் சுருள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சிலருக்கு இதைக் கேட்டால் சங்கடமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழையைக் கொள்ளையிடாதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே என்பது எகிப்து வயலிலும் உண்மை, இஸ்ரவேல் வயலிலும் உண்மை, நம்மூர் வயக்காட்டிலும் உண்மை. இஸ்ரவேலர் அதை "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" (1:7) என்ற அஸ்திபாரத்தின் மேல் வைத்தார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: ஒரே ஒரு விஷயத்தோடு உள்ளே போங்கள்

மாதம் தொடங்குவதற்கு முந்தின நாள், நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் வாழ்க்கையில் இப்போது முள்ளாகக் குத்துகிற ஒரு விஷயத்தை எழுதுங்கள். "நான் ஞானத்தில் வளர வேண்டும்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "அலுவலகத்தில் என் மேலாளர் மற்றவர்கள் முன் பேசும்போது நான் உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதுங்கள். "மச்சான் லோனுக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்." "பிள்ளை போனைக் கீழே வைப்பதே இல்லை, நானும் கத்தாமல் இருப்பதில்லை." இப்படிப் பெயரும் முகமும் உள்ள விஷயமாக இருக்கட்டும். இரண்டு மூன்று விஷயங்கள் இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள், மற்றவை அடுத்த மாதத்துக்கு.

கேள்வி கையில் இருந்தால் 10ஆம் அதிகாரத்துக்குப் பிறகு வரும் அந்தச் சிதறல் நமக்குச் சாதகமாகிவிடும். அத்தனை வாக்கியங்களில் உங்கள் விஷயத்தைத் தொடுகிறது மட்டும் தானாகத் தலை தூக்கும்.

மூன்றாம் படி: தினசரி வாசிப்பு

தேதிக்குரிய அதிகாரத்தை வாய்விட்டு வாசியுங்கள். இவை எழுதப்படுவதற்கு முன் வாயால் சொல்லப்பட்டவை. காதில் விழும்போதுதான் அந்த இரண்டு அடிகளின் எடை தெரியும். குடும்ப ஜெபத்தில் சேர்த்து வாசிப்பதானால் ஆளுக்கு ஒரு வசனம் என்று சுற்றி வாருங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது நன்றாக ஓடும், ஏனென்றால் சிரிக்க நிறைய இருக்கிறது. கதவு கீல்முளையில் ஆடுவதுபோலப் படுக்கையில் புரளும் சோம்பேறி (26:14), சோற்றுக் கலத்தில் விட்ட கையை வாய்க்கு எடுக்கவும் அலுத்துக்கொள்கிற சோம்பேறி (26:15) என்று வரும்போது வீட்டில் எல்லார் கண்ணும் யார் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

வாசித்து முடித்ததும் ஒரே ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதுங்கள். போனில் காப்பி செய்து ஸ்டேட்டஸ் போடுவது வேறு, கையால் எழுதுவது வேறு. பழைய மொழிபெயர்ப்பில் ஒரு வசனம் பிடிபடவில்லை என்றால் 1995இல் வந்த திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள். அதிகார எண்கள் ஒன்றுதான், நடை இன்றைய நடை. கத்தோலிக்க வீடுகளில் இருப்பது அதுதான். சபை வேறானாலும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் வந்துவிடாது.

ஒரு நாள் விட்டுப்போனால் அந்த அதிகாரத்தை விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டாம். அடுத்த மாதம் அதே தேதி வரத்தான் போகிறது.

நான்காம் படி: "இது யாருக்கு, எந்த நேரத்தில்?" என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

26ஆம் அதிகாரத்தில் 4ஆம் வசனமும் 5ஆம் வசனமும் ஒட்டி நிற்கின்றன. "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, கொடுத்தால் நீயும் அவனைப் போலாவாய்." அடுத்த வரி: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு; கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்." கொடாதே, கொடு. தொகுத்தவர்களுக்குக் கண் தெரியாமல் போகவில்லை. தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா ஒருவர் தினமும் ஏதாவது ஒரு வதந்தியை அனுப்புகிறார். இன்ன கட்சி, இன்ன சபை, இன்ன மருந்து என்று. நீங்கள் பதில் சொன்னால் அவர் நான்கு வீடியோ அனுப்புவார், நீங்கள் ஐந்து அனுப்புவீர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு பேருமே ஒரே மாதிரி கத்திக்கொண்டிருப்பீர்கள். இங்கே 4ஆம் வசனம். ஆனால் அவர் ஒரு நாள் "சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயம் குடித்தால் போதும்" என்று அனுப்புகிறார், அதைப் பார்த்து உங்கள் பெரியம்மா "அப்படியா, நானும் நிறுத்திப் பார்க்கிறேன்" என்கிறார். இப்போது பேசாமல் இருந்தால் அது அடக்கம் ஆகாது. 5ஆம் வசனம் வந்துவிட்டது. அதே சித்தப்பா, அதே குரூப். மாறியது என்னவென்றால் நடுவில் ஒருவருக்கு ஆபத்து வந்துவிட்டது.

எந்த வசனம் என்று அந்த இரண்டு வரிகளும் சொல்வதில்லை. தீர்மானத்தை நம்மிடம் விட்டுவிடுகின்றன. வசனம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு 26ஆம் அதிகாரமே இன்னொரு எச்சரிக்கை வைத்திருக்கிறது: மூடர் வாயில் இருக்கிற நீதிமொழி, நொண்டியின் கால்கள் குந்துவதுபோலக் குந்தும் என்கிறது 7ஆம் வசனம். சரியான வாக்கியத்தைத் தவறான ஆளிடம், தவறான நேரத்தில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குத் துக்க வீடுகளே சாட்சி. மகனைப் பறிகொடுத்தவளிடம் போய் உற்சாகமாக வசனம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் அவன் வஸ்திரத்தைக் கழற்றுவது போன்றது என்று 25:20 எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது, பாருங்கள். அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதும், தண்ணீர் மொண்டு கொடுப்பதும், வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதும் ஞானம்.

ஆகவே தினமும் எழுதுகிற அந்த ஒரு வசனத்தின் கீழே இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இது யாரிடம், எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது. இரண்டாவது வரிதான் கஷ்டம், ஆனால் அதை எழுதினால்தான் முதல் வரிக்கு அர்த்தம் வரும்.

ஐந்தாம் படி: சிதறியதைச் சேருங்கள்

நான்காம் வாரத்துக்குள் உங்கள் விஷயத்தைத் தொடுகிற வசனங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ந்திருக்கும். அவற்றை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்துங்கள். பேச்சு, கோபம் சம்பந்தமான விஷயம் என்றால் பக்கம் நிறைந்துவிடும். இந்தப் புத்தகம் வாயைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வேறு எதைப் பற்றியும் பேசுகிறதா என்பது சந்தேகம்தான்.

ஒரு மாதிரிப் பக்கம் காட்டுகிறேன். அப்பா காலமான பிறகு வீட்டுமனைப் பங்கு விஷயத்தில் அண்ணனுக்கும் தங்கை சுமதிக்கும் மனஸ்தாபம், நடுவில் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"18:17. தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான். — அண்ணன் போனில் சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். சுமதி பக்கம் கேட்கவே இல்லை. அண்ணி சொன்னதையும் அண்ணன் சொன்னதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

18:13. காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனம். — இன்று சாயங்காலம் சுமதிக்குப் போன். 'நீ சொல்லும்மா, நான் கேட்கிறேன்' மட்டும். யோசனை சொல்லக் கூடாது. அண்ணன் பேரை நான் எடுக்கக் கூடாது.

26:20. விறகில்லாமல் நெருப்பு அவியும். — அவள் சொன்னதை அண்ணனிடம் சொல்லப் போவதில்லை. அவரே கேட்டாலும் 'நேரில் உட்கார்ந்து பேசலாம் அண்ணே' என்று முடிக்க வேண்டும்.

17:14. விவாதம் எழும்பும்முன் அதை விட்டுவிடு. — எனக்கு வரவேண்டிய கிணற்றுப் பக்கத்து நாலு சென்ட்? யோசிக்க வேண்டும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்கள் மற்றவர்களைப் பற்றி இருந்தன. நான்காவது எழுதுகிறவரையே திரும்பிப் பார்க்கிறது. சேர்த்து வைத்து வாசித்தால்தான் இப்படி நடக்கும். 15:1ஐ மட்டும் எடுத்து, "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்று அண்ணனுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

ஆறாம் படி: பணத்தைக் கொண்டுபோய் இந்தப் புத்தகத்தின் முன் வையுங்கள்

சபைகளில் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) பற்றிப் பேசுவோம், ஆசீர்வாதம் பற்றிப் பேசுவோம். ஜாமீன் கையெழுத்து பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. நீதிமொழிகளோ அதை ஆறு இடங்களில் பேசுகிறது: 6:1-5, 11:15, 17:18, 20:16, 22:26-27, 27:13. இத்தனைக்கும் நம் ஊரில் ஒரு குடும்பத்தைச் சத்தமில்லாமல் சாய்ப்பதற்கு இந்த ஒரு கையெழுத்து போதும்.

6ஆம் அதிகாரம் "நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால்" என்று ஆரம்பிக்கிறது. அன்றைக்குக் கையில் அடித்துக் கொடுத்தார்கள், இன்றைக்குப் பேங்க் பாரத்தில் கையெழுத்துப் போட்டு ஆதார் நகலும் சம்பளச் சீட்டும் கொடுக்கிறோம். பலர் இதைச் சாட்சிக் கையெழுத்து போல நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவரிடம் எல்லா வழியும் பார்த்து முடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் கணக்கிலும் கறை படியும், நாளைக்கு உங்கள் மகள் படிப்புக்கு லோன் கேட்டுப் போகும்போது அது வந்து நிற்கும். "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால்" நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்களே என்று 22:27 கேட்பது மிகையாகத் தெரியலாம். வீட்டுக்கு நோட்டீஸ் வந்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? அதற்கும் 6:3-5 வழி சொல்கிறது. தன்மானம் பார்க்காதே, போய் உன்னைத் தாழ்த்தி வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கையிலிருந்து தப்புகிற வெளிமானைப் போலத் தப்பிக்கொள். இன்றைய பாஷையில் சொன்னால்: கடன் வாங்கியவரோடு நேரில் உட்காருங்கள், எவ்வளவு கட்டியிருக்கிறார், எவ்வளவு பாக்கி என்று பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள், வேறு ஜாமீன்தாரரையோ அடமானத்தையோ காட்டி உங்களை விடுவிக்க முடியுமா என்று இருவருமாகக் கிளையில் போய் எழுத்தில் கேளுங்கள். பேங்க் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்காமலும் போகலாம். ஆனால் கேட்காமல் இருப்பதைவிடக் கேட்பது மேல்.

சரி, அப்படியானால் யாருக்கும் உதவி செய்யக் கூடாதா? இதே புத்தகம்தான் "உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே" என்றும் சொல்கிறது (3:28). "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான்" என்கிறது (19:17). இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிகிற வழி இது: கையில் இருப்பதைக் கொடு, கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதே. மச்சானிடம், "மாப்பிள்ளை, அஞ்சு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. இந்த இருபதாயிரம் வைத்துக்கொள், திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லலாம். முகம் கொஞ்ச நாள் கோணும். ஆனாலும் ஐந்து வருடம் கழித்து இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வாய்ப்பு உண்டு.

வியாபாரம் செய்கிறவர்கள் 11:1ஐயும் 20:14ஐயும் சேர்த்து வாசியுங்கள். முதலாவது விற்கிறவனுடைய கள்ளத்தராசைச் சாடுகிறது. இரண்டாவது வாங்குகிறவனைப் பிடிக்கிறது: "நல்லதல்ல, நல்லதல்ல" என்று குறை சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, போன பிறகு மெச்சிக்கொள்கிறான். தெருவோரத்தில் கீரை விற்கிற அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு வீட்டில் வந்து பெருமை அடிக்கிற நமக்காகவே அது எழுதப்பட்டதுபோல இருக்கிறது.

ஏழாம் படி: காயப்படுத்துகிற வசனங்களை ஒதுக்காமல் நின்று பாருங்கள்

சில வசனங்கள் வாசிக்கிறவரைக் குத்தும். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" (22:6) என்பதைக் கேட்டு, சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட மகனை நினைத்துக் குற்ற உணர்வில் கரைகிற தாய்மார் உண்டு. இங்கேதான் நான்காம் படி கைகொடுக்கும். நீதிமொழிகள் பொதுவாக வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று சொல்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த உத்தரவாதப் பத்திரமாக அதை எடுத்தால், நல்ல தகப்பனின் பேச்சைக் கேளாத மகனைப் பற்றி இதே புத்தகம் திரும்பத் திரும்ப எச்சரிப்பது ஏன்? கேளாமல் போகிற சுதந்தரம் மகனுக்கு உண்டு என்று அதற்குத் தெரியும்.

அதேபோல, சோம்பற்கையால் வேலை செய்கிறவன் ஏழையாவான் என்கிற 10:4ஐ மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஏழை எல்லாரும் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவார்கள். 13:23ஐத் திறந்து காட்டுங்கள். ஏழையின் நிலம் நன்றாக விளைந்தாலும் நியாயம் இல்லாததால் அது பறிபோகிறது என்று அங்கே இருக்கிறது. வேதாகமத்தில் யோபுவும் பிரசங்கியும் நீதிமொழிகளுக்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். நல்லவன் ஏன் கஷ்டப்படுகிறான் என்ற கேள்வி அங்கே போய்த்தான் முழு மூச்சாகக் கேட்கப்படுகிறது. உங்கள் நாட்கள் இப்போது அப்படிப்பட்டவையாக இருந்தால், நீதிமொழிகளை மூடி வைத்துவிட்டு யோபுவைத் திறப்பதுதான் ஞானம்.

பிரம்பைப் பற்றிய 13:24ஐ நம் வீடுகளில் அடிப்பதற்கு அனுமதிச் சீட்டுபோல உபயோகிக்கிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. இந்தப் புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் தகப்பன் செய்வது என்ன? பேசுகிறார். கெஞ்சுகிறார், காரணம் சொல்கிறார், தான் சிறுவனாக இருந்தபோது தன் தகப்பன் சொன்னதை நினைவுபடுத்துகிறார் (4:3-4). மூடனுக்கு நூறு அடி உறைப்பதைவிடப் புத்திமானுக்கு ஒரு கண்டிப்பு அதிகமாக உறைக்கும் என்று 17:10 சொல்கிறது. நம் நாட்டில் 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. பள்ளியில் வாத்தியாருக்கு இல்லாத பிரம்பு வீட்டில் எதற்கு?

31ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீ, கல்யாண வீட்டுப் பிரசங்கங்களில் மணப்பெண்ணுக்கு வைக்கிற பரீட்சையாக ஆகிவிட்டாள். அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததாக வருகிறது. அதில் வரும் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், நெய்த துணியை வியாபாரிகளுக்கு விற்கிறாள். சொந்தப் பணம், சொந்தத் தீர்மானம். எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துக்களில் ஒவ்வொன்றாகத் தொடங்கும் 22 வசனங்கள் கொண்ட பாட்டு அது. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு ஓய்வுநாள் பந்தியில் கணவன் மனைவியைப் பார்த்து இதைப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. 31ஆம் தேதி வரும்போது ஆண்கள் இதை வாய்விட்டு வாசியுங்கள், மனைவி கேட்கும்படியாக.

எட்டாம் படி: புதிய ஏற்பாட்டோடு சேர்த்து வாசியுங்கள்

சுருக்கமாகவே சொல்கிறேன். இயேசு ஒரு பரிசேயன் வீட்டு விருந்தில், முதன்மையான இடத்தில் போய் உட்காராதே என்று சொன்னது (லூக்கா 14) நீதிமொழிகள் 25:6-7இன் எதிரொலி. பசியாயிருக்கும் சத்துருவுக்குச் சாப்பாடு கொடு என்று பவுல் ரோமர் 12:20இல் எழுதுவது நேராக 25:21-22இலிருந்து எடுத்தது. கர்த்தருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதே என்று எபிரெயர் 12இல் வருவது 3:11-12. நோட்டில் அந்தந்த தேதியில் இந்த இணைப்புகளைக் குறித்து வையுங்கள். யாக்கோபு நிருபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், ஐந்து அதிகாரம்தான். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது.

எந்த ஜெபத்தை எடுப்பது என்று தெரியாதவர்கள் 30:7-9ஐ எடுங்கள். ஆகூர் தன்னை "மனுஷரெல்லாரிலும் நான் மூடன்" என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறவர், அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தவர். தரித்திரத்தையும் வேண்டாம், ஐசுவரியத்தையும் வேண்டாம், என் படியை எனக்கு அளந்து கொடும் என்று கேட்கிறார். பணம் அதிகமானால் உம்மை மறந்துவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிற மனுஷன். சம்பளம் வரும் நாளில் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஜெபம் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் படி: ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

"இரும்பை இரும்பு கருக்கிடும்" (27:17), அதாவது கூர்மையாக்கும், என்பதைத் தனியாக உட்கார்ந்து செய்ய முடியாது. உங்கள் நோட்டை நம்பிக் காட்டக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். புகழ்கிறவர் வேண்டாம். நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு "அதில் உங்க தப்பு இல்லையா அக்கா?" என்று கேட்கக்கூடியவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலிருந்து வருகிற வரைக்கும் கிடைக்கிற அந்த அரைமணி நேரம் போதும். அந்த வாரம் எழுதியதில் ஒரு வசனம், அதை எங்கே செய்து பார்த்தீர்கள், என்ன ஆனது. அவ்வளவுதான். தினமும் விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதாக ஏற்பாடு செய்ய வேண்டாம். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தமாய்ச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று 27:14 இருக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சொன்னது இருவருக்குள்ளேயே இருக்க வேண்டும், ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் வெளியே போகக் கூடாது. "அந்த அக்காவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், வீட்டில் மனைப் பங்கில் கொஞ்சம் பிரச்சினை" என்று புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஒரு வரி வந்தால், வியாழக்கிழமைக்குள் அது அண்ணன் காதுக்குப் போய்விடும். புறங்கூறித் திரிகிறவனையும் காரியத்தை அடக்குகிறவனையும் பிரித்துக் காட்டும் 11:13ஐ, முதல் சந்திப்பில் இருவரும் சேர்ந்து வாசித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.